நசாரியோ கடித்த ரொட்டிகள்

ரொட்டியின் முதல் துண்டை மென்று விழுங்கிய பிறகுதான், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது நசாரியோவுக்கு உறைத்தது.

அவனுடைய ஜெராக்ஸ் கடை மேசைக்கு எதிரே மூன்று பேர் நின்றார்கள். நடுவில் கிழவர் காசிமீரோ, தொப்பியை மார்போடு அணைத்தபடி. ஒரு பக்கம் அவர் மனைவி செபெரினா. இன்னொரு பக்கம் கோவில் உபதேசியார், கையில் சிச்சா என்ற சோளக் கள்ளுக் குடத்தோடு. மூன்று முகத்திலும் அப்படியொரு நிம்மதி. செபெரினா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

சிலுவைத் திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தலையளவு ரொட்டியும் சிச்சாவுமாக மூன்று பேர் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்குப் பெயர் ஹுர்கா. விழா எடுப்பவர் ஒவ்வொரு வீடாகப் போய், ‘வாணவேடிக்கையை நீ ஏத்துக்கோ’, ‘பேண்டு வாத்தியக்காரங்களுக்கு நீ சோறு போடு’ என்று கேட்டு ரொட்டியை நீட்டுவார். முடியாதவர்கள் ரொட்டியைத் தொடாமல் கும்பிட்டு அனுப்பிவிடலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் கடித்துவிட்டால் கடித்ததுதான். கடித்துவிட்டுக் கை விரித்தவன் இந்தப் புக்யோபாம்பா மலையூரில் இதுவரை ஒரே ஒருவன். அவன் செத்து நாற்பது வருஷமாகியும், அவன் பேரன்களை ஊர் இன்னும் ‘ரொட்டிமுழுங்கி வீட்டுப் பசங்க’ என்றுதான் சொல்கிறது.

இந்த வருஷம் விழா எடுப்பவர் காசிமீரோ. அவர் எதைக் கேட்டார், தான் எதற்குத் தலையாட்டினோம் என்பதுதான் நசாரியோவுக்குத் தெரியவில்லை. கிழவர் பேசியதில் ஒரு சொல்கூட அவன் காதில் விழவில்லை. பதினொரு நாளாக யார் பேசியதும் விழவில்லை.

நசாரியோ பிறவியிலேயே காது கேளாதவன். ஆறு வயதில் தலைநகர் லிமாவில் அறுவை செய்து மண்டைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். அதற்கு ஜோடியாக வெளியே ஒன்று, காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. உள்ளே இருந்தது இன்றுவரை சேதமில்லாமல் இருக்கிறது. வெளியே இருந்ததுதான் மார்ச் மழையில் தொப்பலாக நனைந்து செத்தது.

அரிசியில் புதைத்தால் ஈரம் போகும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் புதைத்தான். ஈரம் போனது, உயிர் வரவில்லை. அடுப்போரம் வைத்தான். ஒரு மூலை உருகியது. உருகிய மூலையைச் சீர் செய்யக் கத்தி முனையால் திறந்தபோது, கடுகளவு திருகு ஒன்று தெறித்து எங்கோ போனது. அது மறுநாள் சோற்றில் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் கிடைத்தது. பல்லில் ஒரு மூலை போனது.

லிமாவில் உள்ள கடைக்கு எழுதினான். “இந்த மாடல் இப்போது வருவதில்லை. உதிரிப் பாகமும் கிடையாது. புதிதுதான் வாங்க வேண்டும்” என்று பதில் வந்தது. கீழே விலையும் இருந்தது. கடையிலிருந்த இரண்டு ஜெராக்ஸ் மெஷினையும் விற்று, கூடவே அவனையும் விற்றாலும் அது கட்டுப்படியாகாது.

வேறொருவனாக இருந்தால் ஊரில் சொல்லியிருப்பான். நசாரியோவால் முடியவில்லை. காரணம் கோழி.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவன் காது அறுவைச் செலவுக்காக ஊரே கூடிக் கோழி வறுத்து விற்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, அறுநூறு தட்டு. விற்றவர்களும் அவர்களே, வாங்கித் தின்றவர்களும் அவர்களே. அன்றிலிருந்து அந்தக் காதில் ஊருக்கே பங்கு.

“உன் காதுக்காக நான் நாலு தட்டு தின்னேன். ஒரு வாரம் வயித்தால போச்சு” என்று சந்தையில் வழிமறித்துச் சொல்வார்கள்.

“நான் அஞ்சு. எனக்குக் கோழியே ஆகாது, தெரியுமில்ல.”

பிறகு முதுகுக்குப் பின்னால் போய்க் கை தட்டிப் பார்ப்பார்கள். அவன் திரும்ப வேண்டும். திரும்பினால், தங்கள் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். முப்பத்திரண்டு வயதிலும் அவன் திரும்பிக்கொண்டுதான் இருந்தான்.

இப்போது செத்த கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அரை நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி நடந்தான். யாராவது கை தட்டியிருக்கலாம் அல்லவா?

கடையில் சமாளிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. யார் எத்தனை நகல் கேட்டாலும் மூன்று எடுத்துக் கொடுத்தான். அரசாங்க அலுவலகம் எதுவானாலும் மூன்றுதானே கேட்கும். மெஷினுக்குள் தாள் சிக்கும் சத்தம் கேட்காமல், இரண்டு தடவை புகை வந்தது. அவ்வளவுதான்.

ராத்திரியில் விளக்கை அணைத்ததும்தான் கஷ்டம். பார்க்க யார் முகமும் இருக்காது. கடவுளிடம் பேச அவனுக்குக் கருவி வேண்டியிருக்கவில்லை. ஆனால் பேசி முடித்த பிறகு வரும் அந்த மௌனம், கடவுளுடையதா தன்னுடையதா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எதிரே நின்று முகம் பார்த்து ஸ்பானிஷில் பேசுகிறவர்களின் உதட்டை அவன் ஓரளவு படிப்பான். ஹுர்காவோ ஊரின் சொந்த மொழியான கெச்சுவாவில், தலையைக் குனிந்து, தொப்பிக்குள் பேசுகிற பேச்சு. அப்படிப் பேசினால்தான் மரியாதை. கெச்சுவா அவனுக்குச் சிறு வயதிலிருந்தே விலக்கு. “குழந்தையைக் குழப்பாதீங்கம்மா. ஒரே மொழி, ஸ்பானிஷ் மட்டும்” என்று பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் சொல்லிவிட்டாள். அவன் அம்மா பவுலினாவுக்கு மொத்தம் இருநூறு ஸ்பானிஷ் சொல் தெரிந்திருந்தால் அதிகம். அந்த இருநூறை வைத்துக்கொண்டுதான் அவனுக்கு ஊட்டினாள், திட்டினாள், ஆசீர்வாதம் செய்தாள். மனதில் இருந்த மற்றதையெல்லாம் கொல்லையில் கோழிகளிடம் கெச்சுவாவில் சொல்லிவிட்டு வருவாள். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அவள் இறந்துவிட்டாள்.

அவள் பிள்ளையை ஊர் ‘ரொட்டிமுழுங்கி’ என்று சொல்லக்கூடாது. அதற்காக எதை ஏற்றுக்கொண்டோம் என்று முதலில் தெரிய வேண்டும். காது போனதும் வெளியே தெரியக்கூடாது.

மறுநாள் காலையிலேயே காசிமீரோ வீட்டுக்குப் போனான்.

“நேத்து சொன்னீங்களே மாமா, அந்த விஷயம். எவ்வளவு பெருசா செய்யணும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

கெட்டிக்காரத்தனமான கேள்வி என்று அவன் நினைத்தான். கிழவர் கன்னத்தில் ஒதுக்கிய கோக்கா இலையோடு நீளமாக ஏதோ சொன்னார். இலை அசைந்தது தெரிந்தது. கடைசியில், ‘கவலைப்படாதே’ என்பதுபோல் கையை வீசினார்.

அதற்குள் தின்பண்டத் தட்டோடு செபெரினா வந்தாள். தட்டில் ரொட்டி. முற்றத்தில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

இது ஹுர்கா ரொட்டியா, காலைச் சாப்பாட்டு ரொட்டியா? நசாரியோ தட்டைப் பார்த்தான். முகங்களைப் பார்த்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு ரொட்டியை வேண்டாம் என்றால் அவமரியாதை. ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். கேட்டால் அவனுக்குக் கேட்காது.

கடித்தான்.

செபெரினா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பாட்டு ரொட்டிக்கு யாரும் அழமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

அங்கிருந்து நேராக ரொட்டிக் கடைக்குப் போனான். ஊரில் எல்லா ஹுர்கா ரொட்டியும் தொமித்தீலாவின் அடுப்பிலிருந்துதான் போகும். யார் எதற்கு வாங்கினார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் உதடும் தெளிவு. முன் பல் இரண்டும் பெரிது. பேச்சை மறைக்காத வாய்.

“அக்கா, இந்த வருஷம் ரொட்டி ஜாஸ்தியா போகுதா?”

“போகுது, போகுது. கை ஒடியுது.”

“காசிமீரோ மாமா எதுக்கு வாங்கினாரு?”

“எதுக்கு வாங்குவாங்க. திங்கத்தான்” என்று சிரித்துவிட்டு, அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபடியே நிறையப் பேசினாள். அவள் தோள் குலுங்கியதிலிருந்து, பேச்சு சுவாரசியமானது என்று மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கடித்த ரொட்டிக்குப் பதிலாக அதே அளவு முழு ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? கடிக்காததாக ஆகிவிடாதா?

“எனக்கும் ஒண்ணு கொடு. பெருசா.”

“யாருக்கு?”

“காசிமீரோ மாமாவுக்கு.”

தொமித்தீலாவின் பெரிய பற்கள் மறைந்தன. இருப்பதில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

வாசலில் ரொட்டியோடு நின்ற நசாரியோவைப் பார்த்ததும் கிழவர் விறைத்துப் போனார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். அப்போதுகூட அவனுக்குப் புரியவில்லை. அவர் முழங்காலிட்டபோதுதான் புரிந்தது. ரொட்டியோடு ஒருவர் வாசலுக்குப் போனால், போனவர்தான் கேட்பவர். எழுபத்தெட்டு வயது மனுஷனிடம் அவன் ஹுர்கா கேட்டு வந்து நிற்கிறான்.

“இல்ல மாமா, இது அதுக்கில்ல, எழுந்திருங்க” என்றான்.

கிழவர் இரண்டு கையாலும் ரொட்டியை வாங்கி, நெற்றியில் ஒற்றி, கடித்தார்.

இப்போது நசாரியோ என்னவென்று தெரியாமல் இரண்டு காரியத்துக்குக் கட்டுப்பட்டிருந்தான். எதற்கென்று தெரியாமல் ஒரு கிழவரையும் கட்டிப் போட்டிருந்தான்.

அதன் பலன் மறுநாளே கிடைத்தது. காசிமீரோ ஊன்றுகோலோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்து, வாசலில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் வந்தார். யாராவது கடைக்குள் நுழைந்தால் ஊன்றுகோலால் பலகைத் தரையை ஓங்கி ஒரு தட்டு. அது நசாரியோவின் உள்ளங்காலில் அதிரும். நிமிர்ந்து பார்ப்பான். கிழவர் முறைத்துக்கொண்டிருப்பார்.

ஓடிப்போகாமல் காவல் காக்கிறார் என்று நினைத்தான். எச்சரிக்கையாகத்தான் தடியைத் தட்டுகிறார். நியாயம்தானே, ரொட்டியைக் கடித்தவன் அல்லவா.

காவல் தாங்காமல் நான்காம் நாள் கடையை மூடினான். ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதி ஒட்டினான். மூன்று நகல் எடுத்து, கதவில் ஒன்று, சுவரில் ஒன்று, சந்தையில் ஒன்று ஒட்டினான். வீட்டுக்குள் போய்ப் போர்த்திப் படுத்தான்.

உடம்பு சரியில்லாதவனை ஊர் சும்மா விடுமா? கதவைத் தட்டியிருப்பார்கள். தட்டியது அவனுக்கு எப்படித் தெரியும்? போர்வையை விலக்கியபோது, கட்டிலைச் சுற்றி சந்தைப் பெண்கள் ஆறு பேர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். முன்னால் நின்றவளிடம் ஒரு கிண்ணம் சூப்பு. பின்னால் நின்றவளிடம் ரொட்டி.

“சூப்பு வேண்டாம்கா. நானே வச்சுக்குவேன்” என்றான். அப்படிச் சொல்வது அவனுக்குப் பழக்கம். போன வருஷம் காற்றில் கூரைத் தகரம் பறந்தபோது, ஏணியோடு வந்தவர்களையும் இதே சொல்லைச் சொல்லித்தான் அனுப்பினான். அறுநூறு தட்டுக் கோழியைச் சுமப்பவன் ஒரு கிண்ணம் சூப்பைக் கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டான்.

சூப்பை மறுத்துவிட்டு ரொட்டியையும் மறுக்க முடியவில்லை. அது தெய்வக் காரியம். படுத்தவாக்கிலேயே கடித்தான்.

அந்த வாரம் முடிவதற்குள் எட்டு ரொட்டி ஆகிவிட்டது. பேண்டுக்காரர்கள் ஒன்று, ஆட்டக் குழு ஒன்று, பள்ளிக்கூட வாத்தியார்கள் சேர்ந்து ஒன்று, பக்கத்துத் தெருக்காரர்கள் இரண்டு. கடித்த ரொட்டிகளை ஜெராக்ஸ் மெஷின்மேல் வரிசையாக அடுக்கினான். தூக்கிப் போட்டால் பாவம். பக்கத்து வீட்டு நாய்க்கு ஒன்றைப் போட்டான். அன்றிலிருந்து அந்த நாயும் காசிமீரோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். எதைக் கேட்டார்கள் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் செய்துவிடுவது. வாணவேடிக்கை, பேண்டு, பூ அலங்காரம், மெழுகுவர்த்தி, எருது எல்லாம். ஒன்றாவது சரியாக இருக்கும். இரண்டு ஜெராக்ஸ் மெஷினும் போனால் போகட்டும். ‘மெஷின் விற்பனைக்கு’ என்று எழுதி வாசலில் மாட்டினான்.

அட்டையைப் படித்ததும் உபதேசியார் கோவிலைப் பார்த்து ஓடினார். மதியத்துக்குள் இன்னும் மூன்று ரொட்டி வந்தது. இந்தத் தடவை வந்தவர்கள் பேச்சைக்கூடச் சுருக்கிக்கொண்டார்கள். ரொட்டியை நேராக வாய்க்கே கொண்டுவந்தார்கள். பதினோராவதைக் கடித்தபோது அவனுக்கு அழுகை வந்தது. மென்றுகொண்டே அழுதான். அவர்களும் அழுதார்கள். எதற்கென்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

ஹுர்கா ஏற்றவர்கள் எல்லோரும் காசிமீரோ வீட்டில் கூடுகிற ஞாயிறு வந்தது. யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று அன்று எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

போகிற வழியில் குன்றடியில் இருந்த மரச்சிலுவைக்கு முன் நின்றான். இத்தனை நாளும் ‘கருவிக்கு உயிர் கொடு’ என்று வேண்டியவன், அன்று வேறு மாதிரி வேண்டினான். ‘பொய் சொல்லி ரொம்பக் களைச்சுப் போயிட்டேன், சாமி.’ அவ்வளவுதான். எழுந்து நடந்தபோது, காதிலிருந்த செத்த கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முற்றம் நிறைய ஜனம். அவன் உள்ளே போனதும் எல்லா வாயும் நின்றது. சத்தம் நின்றதை அவன் அப்படித்தான் தெரிந்துகொண்டான்.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றான்.

தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. அடுப்படியில் கறிக்காக வளர்த்த கினிப்பன்றிகள் சிதறி ஓடியதைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

“எனக்குக் காது கேக்கல. மழையில காது மெஷின் செத்துப் போச்சு. ஒரு மாசம் ஆகப் போகுது. நீங்க வந்து பேசினது ஒரு சொல்லுகூட எனக்கு விழல. வெட்கப்பட்டுக்கிட்டு எல்லாத்துக்கும் தலையாட்டினேன். பதினொரு ரொட்டி கடிச்சிருக்கேன். எதுக்குன்னு தெரியாது. என்னை நீங்க என்ன பேர் வச்சுக் கூப்பிட்டாலும் சரி, எங்கம்மாவை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவ நல்லாத்தான் வளர்த்தா. நீங்க அறுநூறு தட்டு தின்னீங்க. அது வீணாப் போச்சு. மன்னிச்சுக்கோங்க.”

யார் முகத்திலும் கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை. காசிமீரோ, பிடிபட்ட ஆள்போலத் தரையைப் பார்த்தார். செபெரினா புருஷனை முழங்கையால் இடித்தாள். உபதேசியார் கூரையைப் பார்த்தார்.

தொமித்தீலாதான் முன்னால் வந்தாள். மாவுக் கையால் அவன் மோவாயைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். பெரிய பற்கள் தெரிய, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

“மெஷின் செத்தது எங்களுக்குத் தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“ரெண்டாம் நாள்லேர்ந்து. யாரும் கை தட்டாமலே திரும்பித் திரும்பிப் பார்த்தியே, ஊரே பாத்துச்சு. உன் ரொட்டியைக் கடிச்ச மாமாவும், ஆள் வந்தா உனக்குத் தெரியணும்னுதான் வாசல்ல உட்கார்ந்து தடியைத் தட்டினாரு.”

நசாரியோவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. “தெரிஞ்சுமா அக்கா, தொப்பியைக் கழட்டிக்கிட்டு வந்து எங்கிட்ட பேசினீங்க? ஒண்ணும் விழாதவன் வாயில ரொட்டியைத் திணிக்கிறது எந்த ஊர் நியாயம்?”

தொமித்தீலா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லோரும் ‘நீயே சொல்லு’ என்று அவளையே கை காட்டினார்கள். அவளே மறுபடி அவன் முகத்தைப் பிடித்தாள்.

“விழாவுக்கு நீ ஒண்ணும் கொடுக்க வேணாம்ப்பா, ஊர் வாங்கித் தர்ற புதுக் காது மெஷினை மறுக்காம வாங்கிக்கணும்னுதான் பதினொரு ரொட்டியும், காது கேட்டிருந்தா ‘வேண்டாம், நானே பாத்துக்குவேன்’னு துரத்தியிருப்பே, அதான் நீ செவிடா இருக்கும்போதே ஓடிவந்து கடிக்க வச்சோம்.”